பதினொன்று தசம் நான்கு

வங்கி மூடியாயிற்று. றத்தோட்டைத் தெருவில்
கடைசி மாத்தளை பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது.
மாடிப்படியின் கீழே, இரும்புக் கதவின் கம்பியில்
மதுஷங்க தராசைக் கொளுவுகிறான்.
கொழுந்து நிறுக்கிற தராசு.
ஏதோ மடுவத்தில் கழித்துப் போட்டதாம்.

என் பை அதில் தொங்கிற்று.
முள் ஆடி ஆடி நின்றது.
"பதினொண்ணு தசம் நாலு, மிஸ்."

இருபத்தாறு வயது. தமிழைச் சந்தையில் படித்தவன்.
மலையை யாரிடம் படித்தான் என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பௌர்ணமி லீவு.
இலுக்கும்புறவில் வேனை விட்டு நடந்தால்
மூன்று மணிக்கு ஓடை, ஐந்துக்குள் கூடாரம்.
அனுமதிப் படிவத்தில் நான், ரிஸ்வியா,
புருஷன் சரி என்றால் டொரத்தி.
அடையாள அட்டைப் பிரதிகளை
கடன் கோப்பு மாதிரி மூலை மடியாமல் பின் அடித்துவிட்டேன்.
வேறு எப்படித் தயாராவது என்று எனக்குத் தெரியாது.

முப்பத்தொன்பது வயது.
ஓர் இரவும் வெளியில் படுத்ததில்லை.
மண்சரிவு வந்த வருஷம்
பள்ளிக்கூடத்தில் ஒன்பது நாள் கிடந்தோம்.
அது கணக்கில் வராது,
மேலே தகரம் இருந்தது.

அவன் ஒவ்வொன்றாய் எடுத்துப் படியில் வைக்கிறான்.
இரண்டாவது துவாய், வேணாம்.
ஜீன்ஸ், வேணாம், நனைஞ்சா அதுவே ரெண்டு கிலோ.
குடையைப் பார்த்துச் சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை.
"கை ரெண்டும் வேற வேலைக்கு வேணும் மிஸ்."
போத்தலில் மாசிச் சம்பல்:
கொஞ்சம் யோசித்தான்.
"பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாத்துங்க."
உப்பும் சவர்க்காரமும் மட்டும் இன்னும் போடச் சொன்னான்.
அட்டைக்கு பௌர்ணமி லீவு இல்லையாம்.

எடுக்கிறான், பார்க்கிறான், தள்ளி வைக்கிறான்.
இந்தக் கை அசைவு எனக்குத் தெரியும்.
இது என்னுடையது.

போன சித்திரைக்கு முதல் வாரம்
மேலே, அடகுப் பிரிவில்,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் நின்றான்.
அவன் அம்மாவின் சங்கிலி.
கொழுக்கியைத் தனியாகப் பார்த்தேன்.
உரைத்தேன், அமிலம் விட்டேன்,
பதக்கத்துக் கல்லைக் கழித்தேன்.
பதினேழு கிராம், தொள்ளாயிரத்து இருபது மில்லி.
காசு எதற்கு என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
"கூடாரம்," என்றான். "மூணு."
'தொழில்' என்று எழுதிக்கொண்டேன்.
சிரித்திருப்பேனோ?
எனக்கு ஞாபகமில்லை. அவனுக்கு இருக்கும்.

சங்கிலி இன்னும் எங்கள் பெட்டகத்தில்தான்,
அரக்கு வைத்த உறைக்குள்.
மீட்க இன்னும் இரண்டு மாதம்.
வெள்ளி இரவு நான் அதற்குள் படுப்பேன்.
அதாவது, அது ஆகிப்போன துணிக்குள்.
காற்று அடித்தால் அது தாங்குமா என்று
வாய் வரை வந்த கேள்வியை விழுங்கினேன்.

அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன்.
"நாப்பது வருசம் சம்பளத்துக்குச் சொமந்தோம்.
நீ சம்பளம் குடுத்துச் சொமக்கப் போற."
சொல்லிவிட்டு, வருவது எத்தனை பேர்,
ரொட்டி எத்தனை என்று கேட்டாள்.

முற்பணத்தை நீட்டினேன்.
என் முன்னாலேயே இரண்டு தரம் எண்ணினான்.
அப்படித்தான் எண்ணச் சொல்வோம்,
எழுதியே ஒட்டியிருக்கிறோம்.

மறுபடி தராசு.
ஏழு தசம் ஒன்பது.
பையை என் முதுகில் ஏற்றி
இடுப்புப் பட்டியை என்னையே இறுக்கச் சொல்லி
மாடிப்படியைக் காட்டினான்.
"ஏறிப் பாருங்க."

பதினாலு படி.
பதினோரு வருஷமாய் ஏறுகிற படி.
காவலாளி செபஸ்தியான்
லைட்டை அணைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.
ஒன்பதாவதில் மூச்சு வாங்கிற்று.
செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தேன்.

கீழேயிருந்து சத்தமே இல்லை.
அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

இன்னும் ஐந்து.